தரை வெடித்த ராத்திரி

ப்ராஜெக்ட் டெமோவுக்கு முந்தின நாள் ராத்திரி போர்டு புகைஞ்சு போன அனுபவம் உங்களுக்கு இருக்கா? அப்போ இந்த மனிதரை உங்களுக்குப் பிடிக்கும். இவருக்குப் புகையோடு நிற்கவில்லை, வீட்டுத் தரையே வெடித்தது.

பெயர் வில்லியம் ஹெர்ஷல். 1738ல் ஜெர்மனியின் ஹானோவரில் பிறந்தார். அப்பா ராணுவ பேண்டில் ஓபோ வாசிப்பவர். மகனும் அதே பேண்டில் சேர்ந்தார். 1757ல் போர் சமயத்தில் இங்கிலாந்துக்குப் போய்விட்டார். பாத் என்ற ஊரில் சேப்பலில் ஆர்கன் வாசிப்பது, கச்சேரி நடத்துவது, மியூசிக் சொல்லித் தருவது, இதுதான் பிழைப்பு. காலேஜ் பக்கமே போனதில்லை. இன்ஜினியரிங்கும் தெரியாது.

இசைக்குப் பின்னால் இருக்கும் கணக்கைப் படிக்கப் போனவர், அப்படியே ஒளியியல் புத்தகத்துக்குள் நுழைந்தார். அங்கிருந்து வானம். பெரிய டெலஸ்கோப் வாங்கக் கையில் காசு இல்லை. சரி, நாமே செய்வோம் என்று 1773ல் உட்கார்ந்துவிட்டார். அப்போது வயது 34.

டெலஸ்கோப்பில் முக்கியமான பாகம் அதன் கான்கேவ் கண்ணாடி. கண்ணாடி என்று சொல்கிறோமே தவிர, அந்தக் காலத்தில் அது முழு உலோகம். தாமிரமும் தகரமும் சேர்ந்த ஸ்பெகுலம் என்ற கலவை. தகரம் கூடினால் நன்றாகப் பிரதிபலிக்கும், ஆனால் பிஸ்கட் மாதிரி உடையும். தாமிரம் கூடினால் உறுதி வரும், ஆனால் சீக்கிரம் கறுத்துப் போகும். இரண்டுக்கும் நடுவில்தான் இவர் வாழ்க்கை ஓடியது.

வார்த்து எடுத்த தட்டைத் தேய்த்துத் தேய்த்துச் சரியான வளைவுக்குக் கொண்டு வரணும். கடைசிப் பாலிஷில் கையை நிறுத்தினால் பரப்பு கெட்டுவிடும் என்று பயந்தார். ஒரு தடவை 16 மணி நேரம் கையை எடுக்கவே இல்லை. தங்கை கரோலின்தான் பக்கத்தில் நின்று சாப்பாட்டை வாயில் ஊட்டிவிட்டார். பாட்டுக்காரியாக வரவேண்டும் என்று பாத்துக்கு வந்த பெண் அவர்.

1781 மார்ச் 13 அன்று, தானே செய்த 6.2 இன்ச் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தபோது, நட்சத்திரம் மாதிரி இல்லாத ஒன்று கண்ணில் பட்டது. முதலில் வால்நட்சத்திரம் என்றுதான் நினைத்தார். அது யுரேனஸ்.

இங்கே கதை முடிந்திருக்கலாம். ஆனால் அவருக்கு வேண்டியது இன்னும் ஒளி. கண்ணாடியின் விட்டம் இரண்டு மடங்கானால் உள்ளே வரும் ஒளி நாலு மடங்கு. அதே வருஷம் 36 இன்ச் கண்ணாடிக்குத் திட்டம் போட்டார். 6.2 இன்ச்சை விட 30 மடங்குக்கு மேல் ஒளி! வீட்டின் கீழ்த்தளத்திலேயே உலை கட்டினார். அச்சு செய்யக் குதிரை லத்தி வேண்டும். அதை மலை மாதிரி குவித்து, இடித்து, சலித்தார்கள். கரோலினும் சேர்ந்துதான் இடித்தார்.

முதல் தடவை அச்சு ஒழுகியது, வந்த தட்டும் ஆறும்போதே விரிசல் விட்டது. இரண்டாம் தடவை உலையே பிளந்து, உருகிய உலோகம் கல் தரையில் ஓடியது. சூடு தாங்காமல் கற்கள் வெடித்து மேற்கூரை வரை பறந்தன. எல்லோரும் கதவைத் தேடி ஓடினார்கள். ஹெர்ஷல் களைத்துப் போய் ஒரு செங்கல் குவியலில் விழுந்தார்.

கவனிச்சீங்களா? இது நடந்தது யுரேனஸுக்குப் பிறகு. கிரகம் கண்டுபிடித்தவர் என்பதற்காக உலை அவருக்குச் சலுகை காட்டவில்லை.

அதன்பின் 36 இன்ச்சை ஒதுக்கி வைத்தார். ராஜா மூன்றாம் ஜார்ஜ் வருஷம் 200 பவுண்டு கொடுக்க, இசைத் தொழிலை விட்டார். 1783ல் 18.7 இன்ச் கண்ணாடியோடு ஒரு டெலஸ்கோப் தயாரானது. இவர் மேலே நின்று பார்த்துச் சொல்லச் சொல்ல, கரோலின் எழுதிக்கொள்வார். அந்த வருஷம் டிசம்பர் 31ல் கரோலின் பனியில் வழுக்கி விழுந்து, ஒரு இரும்புக் கொக்கி காலில் ஏறியது. காயம் ஆறியதும் மறுபடி வந்துவிட்டார். 1802க்குள் அண்ணன் தங்கை இருவரும் சேர்ந்து சுமார் 2500 நெபுலாக்கள், நட்சத்திரக் கூட்டங்களைப் பட்டியலிட்டார்கள்.

பெரிய கண்ணாடி ஆசை மட்டும் போகவில்லை. ராஜா 4000 பவுண்டு வரை கொடுத்தார். ஸ்லவ் என்ற ஊரில் 40 அடி நீளக் குழாய், 48 இன்ச் கண்ணாடி. முதல் தட்டு மெலிசாக வந்து தன் எடைக்கே வளைந்தது. இன்னொன்று ஆறும்போது உடைந்தது. கடைசியில் வேலை செய்த கண்ணாடி 1789ல் சனியின் எனகெலடஸ், மிமாஸ் என்ற இரண்டு நிலவுகளைக் காட்டியது. ஊரே வேடிக்கை பார்க்க வந்தது. ஆனால் அதைத் திருப்பவே ஆட்கள் வேண்டும், கண்ணாடி அடிக்கடி கறுத்தது, தயார் செய்வதற்குள் நல்ல இரவு பாதி போய்விடும். அதனால் பெரும்பாலான இரவுகளில் அவர் போய் நின்றது பழைய 18.7 இன்ச்சிடம்தான்.

1822ல் ஹெர்ஷல் இறந்தார். 40 அடி ராட்சசனை 1839ல் மகன் ஜான் கழற்றி இறக்கினார்.

நம் டிபார்ட்மென்ட்டில் எல்லோரும் 40 அடி ப்ராஜெக்ட்டைத்தான் ஜீரோத் ரிவ்யூவில் சொல்கிறோம். சொல்லுங்க, தப்பில்லை. அவரும் சொன்னார், செய்தும் காட்டினார். ஆனால் அது உடைந்து கிடக்கும் ராத்திரியில், உங்களிடம் ஏற்கெனவே வேலை செய்கிற 18.7 இன்ச் எது என்று ஒரு தடவை பாருங்க. அந்த 2500ல் பெரும்பாலானவை அதில்தான் தெரிந்தன.