தஞ்சாவூர் பொம்மை போல விழுந்து எழுந்த வீராங்கனைகள்: வாலிபால் டிஃபென்ஸை மாற்றிய 'பேய்' கோச் டைமட்சு யார்?

நவராத்திரி நேரத்தில் மயிலாப்பூர் வடக்கு மாட வீதி பக்கம் போனா, கொலு பொம்மைகளுக்கு நடுவில் தஞ்சாவூர் பொம்மையைப் பார்த்திருப்பீங்க. அடிப்பாகம் கனமா, உருண்டையா இருக்கும். எந்தப் பக்கம் தள்ளினாலும் நிமிர்ந்துடும். ஜப்பானிலும் இதே மாதிரி ஒரு பொம்மை உண்டு. அதைப் பார்த்து ஒரு கோச்சுக்கு வந்த யோசனைதான், பெண்கள் வாலிபாலில் டிஃபென்ஸ் ஆடும் விதத்தையே மாற்றியது. அவர் ஹிரோபுமி டைமட்சு.

யார் இவர்?

1921-ல் ஜப்பானின் ககாவா மாகாணத்தில் பிறந்தவர். நிச்சிபோ என்ற நூற்பாலை கம்பெனியில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே ராணுவத்துக்குப் போக வேண்டியதாயிற்று. 1944-ல் நம்ம மணிப்பூரின் இம்பாலைப் பிடிக்க வந்து, பசியிலும் நோயிலும் அழிந்த ஜப்பான் படையில் இவரும் இருந்தார். உயிர் தப்பி, போர்க்கைதியாக இருந்து, ஊர் திரும்பினார்.

1950-களில், ஒசாகா அருகே கைசுகாவில் இருந்த ஆலையின் பெண்கள் அணி அவர் கைக்கு வந்தது. பகலில் ஆபீஸ் வேலை, சாயங்காலம் தொடங்கி நள்ளிரவு வரை பயிற்சி. 'பேய்' என்ற பட்டப்பெயர் சும்மா வரவில்லை.

அந்த டெக்னிக் என்ன?

எட்டாத பந்தை எடுக்கப் பாய்ந்தால், ஆள் தரையிலேயே கிடப்பார். அடுத்த பந்துக்கு அந்த இடம் காலி. டைமட்சு என்ன செய்தார்? பக்கவாட்டில் பாய்ந்து பந்தைத் தூக்கு, விழுந்த வேகத்திலேயே தோள் வழியாக உருண்டு எழுந்து நில் என்றார். இதுதான் ரோலிங் ரிசீவ். டிஃபென்ஸுக்கு மட்டும் தனி ஆளாக 'லிபரோ' சர்வதேசப் போட்டிகளுக்கு வந்தது 1998-ல்தான். அன்றைக்கு ஆறு பேருமே தரையில் உருண்டாக வேண்டும். உடம்பெல்லாம் கன்றிப்போனபடிதான் பழகினார்கள்.

1962-ல் மாஸ்கோவில் சோவியத் அணியையே வீழ்த்தி உலக சாம்பியன் ஆனார்கள். அதோடு விலகிவிட நினைத்தார் டைமட்சு, வீராங்கனைகளும்தான். கேப்டன் மாசாயே கசாய்க்கு வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. கல்யாண வயசு தாண்டிப்போச்சு என்ற பேச்சு நம்ம ஊர் மாதிரியே அங்கேயும் உண்டு. ஆனால் 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் வாலிபால் முதல்முறையாகச் சேர்க்கப்பட, ஊரே கேட்டுக்கொண்டதால் தொடர்ந்தார்கள்.

12 பேரில் 10 பேர் நிச்சிபோ பெண்கள். அக்டோபர் 23 ஃபைனலில் சோவியத் அணியை 3-0 என வென்று தங்கம்! டோக்கியோ வட்டாரத்தில் அன்றைய டிவி ரேட்டிங் 66.8 சதவீதம். கசாய்க்கு அதன்பிறகு பிரதமர் எய்சாகு சாட்டோ மூலமாக வரன் அமைந்தது.

கொடுமையா, பயிற்சியா?

இந்தக் கேள்வி ஜப்பானில் அப்போதே எழுந்தது. வயதான பிறகு பேசிய வீராங்கனைகள் பலர், விரும்பித்தான் ஆடினோம் என்றே சொன்னார்கள். அதை மறுக்க முடியாது. ஆனால் தூங்கவிடாமல், காயத்தோடு ஆடவைக்கும் கோச்சிடம் இன்றைக்கு யாரும் பிள்ளையை அனுப்ப மாட்டார்கள்.

ஒலிம்பிக் முடிந்ததும் பொறுப்பிலிருந்து விலகினார். 1965-ல் சீனப் பிரதமர் சூ என்லாய் அழைக்க, அங்கே போய் பெண்கள் அணிக்குப் பயிற்சி கொடுத்தார். 1968-ல் ஜப்பான் மேலவை உறுப்பினர். 1978 நவம்பரில் மாரடைப்பால் இறந்தபோது வயது 57. ஆறு வருடம் கழித்து, லாஸ் ஏஞ்சல்ஸில் சீனப் பெண்கள் ஒலிம்பிக் தங்கம் ஜெயித்ததை அவர் பார்க்கவில்லை.