சட்டமன்றச் செம்மல் டாக்டர் ப. சுப்பராயன்

அஸ்தம்பட்டியில் கூடித் தமிழ் பயிலும் நாம், பத்தாண்டு நிறைவெய்தும் இவ்வேளையில் நம் வட்டாரத்துப் பெரியார் ஒருவரை நினைவுகூர்தல் பொருத்தமுடையது. இங்கிருந்து தென்மேற்கே சென்றால் திருச்செங்கோட்டை அடுத்து வருவது குமாரமங்கலம். இன்று நாமக்கல் மாவட்டத்தில் உள்ள அவ்வூர், 1996 வரை நம் சேலம் மாவட்டத்துக்கே உரியதாயிருந்தது. அவ்வூர் ஜமீன் குடும்பத்தில் 1889 செப்டம்பர் 11ஆம் நாள் பிறந்தவர் டாக்டர் ப. சுப்பராயன்.

சென்னையிலும் ஆக்ஸ்போர்டிலும் பயின்று வழக்கறிஞரான அவர், 1920களின் முற்பகுதியிலேயே சென்னைச் சட்டமன்றத்துள் நுழைந்தார். அது இரட்டையாட்சிக் காலம். கல்வி, சுகாதாரம் முதலியன அமைச்சர்களிடம் இருந்தன. நிதியும் காவலும் ஆளுநரின் பிடியில் இருந்தன. 1926 தேர்தலில் சுயராஜ்யக் கட்சி மிகுதியான இடங்களைப் பெற்றும் பதவியேற்க மறுத்தது. நீதிக்கட்சியும் ஒதுங்கியது. எக்கட்சியும் சாராத சுப்பராயனை ஆளுநர் கோஷன் அழைத்தார். 1926 டிசம்பரில் முதலமைச்சரானார். அப்போது அவருக்கு வயது முப்பத்தேழு.

தனக்கெனப் பெரும்பான்மை இல்லாத முதலமைச்சர் எவ்வளவு செய்ய இயலும்? நியமன உறுப்பினர்களின் துணையும் ஆளுநரின் ஆதரவும் வேண்டியிருந்தன. 1928இல் சைமன் குழுவைப் புறக்கணிப்பது பற்றி எழுந்த பூசலில் உடனிருந்த இரு அமைச்சர்களும் விலகினர். புதிதாக வந்தவர்களுள் ஒருவரான எஸ். முத்தையா முதலியார், அரசுப் பணிகளில் வகுப்புவாரி ஒதுக்கீட்டை நடைமுறைக்குக் கொணர்ந்தார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத் துணைத் தலைவராய் விளங்கியதும் இக்காலத்தில்தான். 1930இல் ஆட்சி மாறியது. சுப்பராயன் எதிர்வரிசையில் அமர்ந்தார்.

அவர் பெயர் நிலைத்தற்குரிய செயல் பதவியில் இருந்தபோது நிகழ்ந்ததன்று. பதவி இழந்தபின் நிகழ்ந்தது என்பதே ஈண்டு நாம் எண்ணத்தக்கது. ஒடுக்கப்பட்டோருக்குக் கோயிற் கதவு திறக்கவேண்டும் என்ற குரல் 1932இல் நாடெங்கும் எழுந்தது. வழிபடுவோரில் பெரும்பான்மையோர் இசைந்தால் கோயிலைத் திறக்கலாம் எனும் மசோதா ஒன்றைச் சென்னைச் சட்டமன்றத்தில் கொணர முனைந்தார் சுப்பராயன். அக்கால முறைப்படி அதற்கு வைசிராயின் முன்னனுமதி வேண்டும். இஃது ஒரு மாகாணத்தளவில் முடிவுசெய்யத்தக்கதன்று என்று கூறி, 1933 ஜனவரியில் வில்லிங்டன் பிரபு அனுமதி மறுத்தார். மசோதா மன்றத்தின் வாயிற்படியிலேயே நின்றது.

எனினும் அவ்வித்து அழியவில்லை. காங்கிரசில் சேர்ந்த சுப்பராயன், 1937இல் ராஜாஜி அமைச்சரவையில் சட்டமும் கல்வியும் ஏற்றார். அவ்வமைச்சரவையே 1938இல் மலபார் ஆலயப் பிரவேசச் சட்டத்தை நிறைவேற்றியது. வழிபடுவோர் விருப்பறிந்து திறத்தல் எனும் கருத்து அதில் உயிர்பெற்றது. 1939 ஜூலையில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் அரிசன மக்கள் சென்றபோது, அதற்குத் துணைநிற்கும் சட்டமும் தொடர்ந்து வந்தது. 1947இல் மாகாணம் முழுமைக்குமான சட்டம் நிறைவேறியபோது, ஓமந்தூரார் அமைச்சரவையில் அவர் இருந்தார்.

நிறைகளோடு குறையையும் சொல்லுதல் முறை. 1938இல் பள்ளிகளில் இந்தி கட்டாயமாக்கப்பட்டபோது கல்வி அமைச்சர் அவரே. அதை எதிர்த்துச் சிறைசென்ற நடராசனும் தாளமுத்துவும் 1939இல் உயிர்நீத்தனர். தமிழ் பயிலும் நாம் அதனை மறத்தலாகாது.

பின்னர் இந்தோனேசியாவில் இந்தியத் தூதராகவும் நடுவணமைச்சராகவும் பணியாற்றிய அவர், மகாராட்டிர ஆளுநராயிருந்தபோது 1962 அக்டோபர் 6ஆம் நாள் மறைந்தார். அவருடைய துணைவியார் ராதாபாய் 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் பங்கேற்ற பெருமாட்டி. மக்களுள் ஒருவர் படைத்தலைவரானார். மோகன் குமாரமங்கலமும் பார்வதி கிருஷ்ணனும் பொதுவுடைமை நெறியில் நின்றனர்.

ஏறத்தாழ நான்காண்டு முதலமைச்சராக வீற்றிருந்த நாற்காலியை இன்று நினைப்பார் சிலரே. ஆனால் எதிர்வரிசை உறுப்பினர் ஒருவர் எழுதிக் கொணர்ந்து, மறுக்கப்பட்ட ஒரு தாள், பதினைந்தாண்டில் மாகாணத்தின் சட்டமாயிற்று. தோற்ற மசோதாவும் ஒருநாள் வெல்லும் என்பதற்குக் குமாரமங்கலத்தார் வாழ்வே சான்று.