கடலும் வானமும் ஒட்டிய கதை

பிரான்சு நாட்டில் 1820-ம் ஆண்டு பிறந்தவர் குஸ்தாவ் லெ கிரே. முதலில் ஓவியம் பயின்றார். பிறகு போட்டோ பிடிக்கக் கற்றார்.

கடலைப் படம் பிடிப்பது அப்போது பெரும்பாடு! தகட்டில் பூசும் மருந்தில் நீல ஒளி அதிகம் பதியும். கடல் தெளிவாக விழுந்தால், வானம் வெளுத்துப்போகும். மேகம் தெரிந்தால், கடல் இருண்டுவிடும்.

லெ கிரே ஒரு யுக்தி செய்தார். கடலை ஒரு தகட்டிலும், வானத்தை வேறொரு தகட்டிலும் எடுத்தார். இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டார். தொடுவானம் ஒட்டை மறைத்தது!

1857-ல் சேத் கடற்கரையில் எடுத்த 'பேரலை' அப்படிப் பிறந்த படமே.

புகழ் வந்தது, பணம் தங்கவில்லை. கடன்பட்டு, 1860-ல் பாரிசை விட்டுப் போனார். திரும்பவே இல்லை. கெய்ரோவில் ஓவியம் கற்பித்துப் பிழைத்தார். 1884-ல் அங்கேயே காலமானார்.

இன்று பல ஒளி அளவில் படமெடுத்து, செல்போனே நொடியில் இணைத்துவிடுகிறது. அன்று அதைக் கையாலேயே செய்தவர் அவர்!