பனி நகரத்தின் வண்ணங்கள்: ஓவியர் பொரீஸ் குஸ்தோதியெவ்

இலக்கிய வட்டம் ஒன்றின் பத்தாம் ஆண்டு மலரில் ஓவியர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு இடம்பெறுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் ரஷ்ய இலக்கியத்தைத் தமிழில் படித்து வளர்ந்தவர்களுக்கு அந்நாட்டின் குளிர்காலம் புதிதன்று. கோகோலின் 'மேல்கோட்டு' கதையில் ஏழை எழுத்தர் ஒருவரை வாட்டி வதைக்கும் பீட்டர்ஸ்பர்க் நகரத்துக் குளிரை நாம் அறிவோம். அக்கதைக்கு 1905ஆம் ஆண்டில் சித்திரங்கள் வரைந்தவர் பொரீஸ் குஸ்தோதியெவ். பின்னாளில் அதே நகரத்தின் குளிர்காலம் அவரையும் சோதித்தது. நடக்கும் ஆற்றலை இழந்து, ஓர் அறைக்குள் அடைபட்டு, பசியும் குளிரும் சூழ்ந்திருந்த ஆண்டுகளில் அவர் தீட்டிய படங்கள்தாம் ரஷ்ய ஓவியத்திலேயே மிகவும் மகிழ்ச்சியான படங்கள் என்று இன்று போற்றப்படுகின்றன. இந்த முரண்பாட்டின் பொருளை அறிய முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மார்கழிப் பனியையே கடுங்குளிர் என்று எண்ணும் நமக்கு அந்நகரத்தின் குளிர்காலத்தைக் கற்பனை செய்வது எளிதன்று. ஏறத்தாழ அறுபதாம் அட்சரேகையில், நேவா ஆற்றின் கழிமுகத்தில் அமைந்த நகரம் அது. ஆறு உறைந்து, மனிதரும் வண்டிகளும் கடந்து செல்லும் பாதையாகிவிடும். டிசம்பர் மாதத்தில் பகல் வெளிச்சம் நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் கிடைப்பதே அரிது. வானமும் தெருவும் ஆறும் ஒரே சாம்பல் நிறமாய்த் தோன்றும் மாதங்கள் பல. 1914 வரை பீட்டர்ஸ்பர்க் எனவும், பின்னர்ப் பெத்ரோகிராத் எனவும், 1924 முதல் லெனின்கிராத் எனவும் வழங்கி, 1991இல் மீண்டும் பழைய பெயரையே பெற்றது இந்நகரம்.

குஸ்தோதியெவ் இந்நகரத்தில் பிறந்தவர் அல்லர். அவர் பிறந்தது தெற்கே, வோல்கா நதி காஸ்பியன் கடலோடு கலக்கும் இடத்துக்கு அருகிலுள்ள அஸ்த்ரகான் என்னும் ஊரில், 1878ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில். தந்தையார் சமயக் கல்லூரி ஒன்றில் ஆசிரியராக இருந்தவர். பொரீஸ் கைக்குழந்தையாக இருந்தபோதே அவர் காலமானார். இளம் வயதிலேயே விதவையான தாய், பிள்ளைகளோடு வசதி மிக்க வணிகர் ஒருவருடைய வீட்டின் ஒரு பகுதியில் வாடகைக்குக் குடியிருந்தார். வறுமை ஒருபுறம் இருக்க, அடுத்த பகுதியில் நடைபெற்ற வணிகக் குடும்பத்தின் செழிப்பான வாழ்க்கை, அதன் விருந்துகள், பட்டுச் சால்வைகள், சமோவாரைச் சுற்றி நடக்கும் தேநீர் வைபவங்கள் ஆகிய அனைத்தும் அச்சிறுவனின் கண்முன் அன்றாடம் விரிந்தன. அஸ்த்ரகான் தர்பூசணிக்கும் மீனுக்கும் பெயர்பெற்ற ஊர். ஆற்றங்கரைச் சந்தைகளில் குவிந்துகிடந்த நிறங்கள் அவர் மனத்தில் ஆழப் பதிந்தன. தமக்கு உரிமையில்லாத செல்வத்தைக் கண்ணால் மட்டும் துய்க்கும் பழக்கம் இவ்வாறு இளமையிலேயே அவருக்கு வாய்த்தது எனலாம்.

1887இல் ஊர் ஊராகச் சென்று படங்களைக் காட்சிக்கு வைத்துவந்த ரஷ்ய ஓவியர் குழு ஒன்றின் கண்காட்சி அஸ்த்ரகானுக்கு வந்தது. அதைக் கண்ட ஒன்பது வயதுச் சிறுவன் தான் ஓவியனாவது என்று உறுதிகொண்டான். உள்ளூர் ஓவியர் பாவெல் விளாசவிடம் பயின்று, 1896இல் பீட்டர்ஸ்பர்க் கலைக்கழகத்தில் சேர்ந்தார் குஸ்தோதியெவ். அங்கு புகழின் உச்சியில் இருந்த இலியா ரேப்பின் அவருக்கு ஆசிரியரானார். அரசவை உறுப்பினர்களின் கூட்டத்தைச் சித்திரிக்கும் மாபெரும் படம் ஒன்றைத் தீட்டும் பணி 1901இல் ரேப்பினிடம் ஒப்படைக்கப்பட்டபோது, தமக்கு உதவியாக அவர் தேர்ந்தெடுத்த இரு மாணவர்களுள் குஸ்தோதியெவும் ஒருவர். 1903இல் யூலியா என்னும் பெண்ணை மணந்தார். கிரீல், இரினா என்னும் இரு குழந்தைகள் வளர்ந்தனர். 1905இல் வோல்கா பகுதியில் கினேஷ்மா நகருக்கு அருகே தம் கோடைக்காலப் பணிக்கென ஒரு வீடும் கட்டிக்கொண்டார். 1909இல் கலைக்கழகத்தின் உயர்ந்த பட்டமும் அவரைத் தேடி வந்தது.

அந்த ஆண்டிலேயே நோயும் வந்தது. கையிலும் கழுத்திலும் வலி, தாங்கமுடியாத தலைவலி. முதுகெலும்பில் காசநோய் என்று கருதி, சுவிட்சர்லாந்தின் மலைநகரமான லெய்சினில் சிகிச்சை அளித்தனர். பல மாதங்கள் அங்கு தங்கியும் குணமில்லை. 1913இல் பெர்லின் நகரத்து நரம்பியல் மருத்துவர் ஓப்பன்ஹைம் அவரைச் சோதித்து, நோய் எலும்பில் இல்லை, முதுகுத்தண்டின் உள்ளே வளரும் கட்டியே காரணம் எனக் கண்டறிந்தார். அறுவை நடந்தது. சில காலம் நிம்மதி கிடைத்தது. 1916இல் மீண்டும் அறுவை தேவைப்பட்டது. கட்டியை அகற்றவேண்டுமாயின் நரம்புகளைச் சேதப்படுத்தாமல் இயலாது என்ற நிலையில், அறுவை அறையிலிருந்து வெளியே வந்த மருத்துவர், கைகளைக் காப்பாற்றுவதா, கால்களைக் காப்பாற்றுவதா என்று மனைவியிடம் கேட்டதாகவும், அவர் ஓவியர், ஆகவே கைகளையே விட்டுவையுங்கள் என்று யூலியா விடையளித்ததாகவும் சொல்லப்படுகிறது. முப்பத்தெட்டு வயதில் குஸ்தோதியெவ் சக்கர நாற்காலிக்கு உரியவரானார். அதன்பின் அவர் வாழ்ந்த பதினொரு குளிர்காலங்களும் பெத்ரோகிராதின் விவெதென்ஸ்கயா தெருவிலிருந்த அவரது வீட்டின் சன்னல்களுக்கு உள்ளேதான் கழிந்தன.

அந்த 1916ஆம் ஆண்டைச் சேர்ந்தது 'மாஸ்லெனித்ஸா' என்னும் படம். ரஷ்யர்களின் நீண்ட தவக்காலத்துக்கு முந்திய வாரம் மாஸ்லெனித்ஸா. வெண்ணெயும் அப்பமும் உண்டு, குளிர்காலத்துக்கு விடைகொடுக்கும் திருவிழா அது. படத்தில் மாலைநேரத்து வானம் இளஞ்சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாய் ஒளிர்கிறது. பனி மூடிய மரக்கிளைகள் வெள்ளிச் சரிகையாய் மின்னுகின்றன. பூவேலை செய்த சறுக்குவண்டிகளைக் குதிரைகள் இழுத்துக்கொண்டு பாய்கின்றன. தேவாலயக் குவிமாடங்கள், கொட்டகைகள், பனிச்சரிவில் சறுக்கும் சிறுவர்கள் என ஓர் ஊர் முழுவதும் வெளியே வந்து நிற்கிறது. கூர்ந்து நோக்கினால் இப்படத்தில் வெள்ளை என்று சொல்லத்தக்க பனியே அதிகம் இல்லை என்பது புலனாகும். பனி, நீலமாகவும் ஊதாவாகவும் ரோஜா நிறமாகவும் இருக்கிறது. குளிர்காலம் நிறமற்றது என்ற எண்ணத்தை இந்த ஒரு படமே பொய்யாக்கிவிடுகிறது.

பின்னர்ப் புரட்சியும் உள்நாட்டுப் போரும் வந்தன. 1917இல் ஏறத்தாழ இருபத்து நான்கு இலட்சம் மக்கள் வாழ்ந்த பெத்ரோகிராதில் 1920இல் ஏறத்தாழ ஏழு இலட்சம் பேரே எஞ்சியிருந்தனர். ரொட்டி பங்கீட்டு அட்டைக்குத்தான் கிடைத்தது. விறகுக்காக மரவீடுகளைப் பிரித்தெடுத்தனர். மேசை நாற்காலிகளையும் புத்தகங்களையும் சிறு இரும்பு அடுப்புகளில் எரித்துக் கதகதப்பைத் தேடினர். இத்தகைய 1918ஆம் ஆண்டில் குஸ்தோதியெவ் தீட்டியது 'தேநீர் அருந்தும் வணிகர் மனைவி'. ஊதாப் பட்டு உடுத்த பெண்மணி, சிற்றூர் ஒன்றின் கூரைகளும் குவிமாடங்களும் பின்னணியாக, மேல்மாடத்தில் அமர்ந்து தட்டில் ஊற்றிய தேநீரை ஏந்தியிருக்கிறாள். பளபளக்கும் சமோவார், வெட்டிய தர்பூசணியின் செம்மை, திராட்சை, ஆப்பிள், ரொட்டி. அவள் தோளில் ஒரு பூனை தலையை உரசுகிறது. இப்படத்துக்கு உருவமாக அமர்ந்தவர் அதே வீட்டின் வேறொரு குடியிருப்பில் வாழ்ந்த மருத்துவ மாணவி. அமர்ந்தவரும் தீட்டியவரும் அரைவயிறு உண்ட காலம் அது.

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழுவது இயல்பு. ஊர் பசித்திருக்கையில் உணவு நிறைந்த மேசையைத் தீட்டுவது பொறுப்பற்ற செயலாகாதா? துன்பத்திலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்வதாகாதா? இக்கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் குஸ்தோதியெவ் துன்பத்தைக் காணத் தெரியாதவர் அல்லர். 1905ஆம் ஆண்டின் எழுச்சி குருதியில் அடக்கப்பட்டபோது, மாஸ்கோ நகரத் தெருக்களில் இராட்சத எலும்புக்கூடாக மரணம் நடந்துவரும் காட்சியை வரைந்து அங்கத இதழ் ஒன்றில் வெளியிட்டவர் அவர். 1920இல், செங்கொடி ஏந்திய மாபெரும் மனிதன் ஒருவன் வீடுகளுக்கு மேலாக அடியெடுத்து வைக்கும் 'போல்ஷெவிக்' படத்தையும் தீட்டினார். சன்னலுக்கு வெளியே நிகழ்வதை அவர் நன்கு அறிந்திருந்தார். அறிந்த பின்னும் அவர் தர்பூசணியைத் தேர்ந்தெடுத்தார் என்பதே நாம் சிந்திக்கவேண்டியது.

அத்துடன், அப்படத்திலுள்ள வணிகர் உலகம் அதற்குள் அழிந்துவிட்டது. அது மீண்டும் வரவேண்டும் என்ற ஏக்கம் அதில் இல்லை. பெண்மணியின் பருத்த தோளிலும் அசைவற்ற பார்வையிலும் ஓவியரின் மெல்லிய கேலியே இழையோடுகிறது. அந்த உலகத்தின் வண்ணங்களை மட்டும் அவர் காப்பாற்றி வைத்தார். தேநீரின் சூடு, பழத்தின் சாறு, மாலை வெயில் முதலியன செல்வர்க்கு மட்டும் உரியன அல்ல. அடுத்த வீட்டு விருந்தைப் பார்த்து வளர்ந்த விதவையின் மகனுக்கு இது தெரியாமலிராது.

அவருடைய அன்றாட இன்பங்கள் மிகச் சிறியவை. நாற்காலியைச் சன்னலருகே நகர்த்தினால் தெரு தெரியும். எதிரே தெரிந்த தேவாலயத்தையும் பனித் தெருவையும் அவர் படமாக்கினார். நண்பர்கள் வந்து பேசினர். 1921இல் பியோத்தர் கபீத்சா, நிக்கலாய் செம்யோனவ் என்னும் இரு இளம் அறிவியலாளர்கள் வந்து, எதிர்காலத்தில் தாங்களும் புகழ்பெறுவோம் எனக் கூறித் தங்களையும் வரையக் கேட்டனராம். கபீத்சா, சற்று முன்னர்தான் தொற்றுநோய்களுக்கு மனைவியையும் குழந்தைகளையும் தந்தையையும் பறிகொடுத்திருந்தவர். எக்ஸ்-ரே குழாய் ஒன்றைக் கையில் ஏந்தியவாறு இருவரும் அமர்ந்தனர். படத்துக்கு அவர்கள் அளித்த விலை ஒரு சேவலும் ஒரு மூட்டை தானியமும் என்பர். செம்யோனவ் 1956இல் வேதியியலுக்கும், கபீத்சா 1978இல் இயற்பியலுக்கும் நோபல் பரிசு பெற்றனர். அன்றைய பசியில் அந்தச் சேவலும் தானியமும் ஓவியர் வீட்டுக்குப் பெரும் பரிசாக இருந்திருக்கும்.

பாடகர் ஃபியோதர் சல்யாப்பின் ஓர் இசைநாடகத்துக்கு அரங்கச் சித்திரங்கள் வரையும்படி கேட்டு வந்தபோது, அவர் அணிந்திருந்த மென்மயிர் மேலங்கியோடே அவரை வரைய விரும்பினார் குஸ்தோதியெவ். படமோ இரண்டு மீட்டருக்கும் மேற்பட்ட உயரம். அறையோ சிறியது. ஓவியருக்கு எழுந்து நிற்கவோ பின்னால் நகர்ந்து பார்க்கவோ இயலாது. பொறியாளரான தம்பி மிகயீல், கித்தானைக் கப்பியும் கயிறும் கொண்டு விட்டத்திலிருந்து தொங்கவிட்டு, ஓவியரின் முகத்துக்கு மேலே சாய்ந்துவருமாறு அமைத்துக் கொடுத்தார். வீட்டின் உட்கூரைக்கு வண்ணம் பூசுபவர் போல அண்ணாந்தபடியே குஸ்தோதியெவ் அதைத் தீட்டினார். படத்தில் சல்யாப்பின் பனிமேட்டின் மீது நிமிர்ந்து நிற்கிறார். அவருக்குப் பின்னே அதே திருவிழா, அதே சறுக்குவண்டிகள். நடக்க முடியாதவரின் கையிலிருந்து எழுந்த அந்த மனிதர், பனியை மிதித்துக்கொண்டு நம்மை நோக்கி நடந்து வருபவர் போலவே தோன்றுகிறார்.

1923இல் மூன்றாம் முறையாக அறுவை நடந்தது. பலன் சிறிதே. பின்னர் வலது கையும் மெலியத் தொடங்கியது. கால்களை இழந்து காத்துக்கொண்ட கை அது. அப்போதும் அவர் ஓயவில்லை. எழுத்தாளர் சம்யாத்தின் எழுதிய 'தெள்ளுப்பூச்சி' நாடகத்துக்கு, சந்தைப் பொம்மைகளின் நிறங்களில் அரங்கச் சித்திரங்கள் வரைந்தார். 1925ஆம் ஆண்டுக்கும் 1926ஆம் ஆண்டுக்கும் இடையே 'ரஷ்ய வீனஸ்' என்னும் படத்தைத் தீட்டினார். நீராவி நிறைந்த மரக் குளியலறையில் நிற்கும் பெண்ணுருவம் அது. முகத்துக்கு மகள் இரினா முன்மாதிரியாக இருந்தார். புதிய கித்தான் இல்லாமையால், தம் குடும்பத்தைச் சித்திரித்த பழைய படம் ஒன்றின் பின்புறத்தில் அதை வரைந்தார். குளிரில் நடுங்கிய நகரத்தில், அறைக்குள் இருந்தவர் கதகதப்பையே ஒரு படமாக்கினார் என்பது குறிப்பிடத்தக்கது.

1927ஆம் ஆண்டு மே 26ஆம் நாள், நுரையீரல் அழற்சியால், நாற்பத்தொன்பதாம் வயதில் குஸ்தோதியெவ் காலமானார். அவ்வாண்டின் குளிர்காலம் முடிந்து, வடக்கத்திய நீண்ட பகல்கள் தொடங்கிவிட்ட காலம் அது. மனைவி யூலியா மேலும் பதினைந்து ஆண்டுகள் வாழ்ந்தார். அவர் இறந்தது 1942இல், நாஜிப் படைகளால் முற்றுகையிடப்பட்ட லெனின்கிராதில். முதற்குளிர்காலங்களைத் தாண்டிய அவ்வம்மையாரால் அந்தக் கொடிய பசியின் ஆண்டைத் தாண்ட முடியவில்லை. கலை மனிதரைப் பசியிலிருந்து காப்பாற்றிவிடும் என்று யாரும் கூறிவிட முடியாது. இதை மறைத்து ஓவியரின் வாழ்க்கையை எழுதுவது அவருக்கும் அவருக்காக அந்த விடையைச் சொன்ன அம்மையாருக்கும் நீதியாகாது.

எனினும் கலையால் ஆவதும் ஒன்றுண்டு. 'தேநீர் அருந்தும் வணிகர் மனைவி' அந்நகரத்து ரஷ்ய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெளியே பனி பொழியும் நாள்களிலும் அங்கே தர்பூசணி சிவந்திருக்கிறது, சமோவார் கொதிக்கிறது. பசியறிந்த ஒருவர், பசித்தவர்களுக்கிடையே இருந்து, அவர்கள் மறந்துவிடக்கூடாதவை எவை என்று எண்ணி ஒவ்வொன்றாக எழுதிவைத்த பட்டியல் அது. கதையும் கவிதையும் எழுதி, எழுதியதைக் கூடிப் படித்துப் பத்தாண்டுகளைக் கழித்த நண்பர்களுக்கு அப்பட்டியலின் அருமையை நான் விளக்கவேண்டியதில்லை.