வில்லியம் கிரே வால்ட்டர்

வில்லியம் கிரே வால்ட்டர் (பெப்ரவரி 19, 1910 – மே 6, 1977) ஐக்கிய அமெரிக்காவில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த நரம்பு உடலியங்கியலாளர் ஆவார். மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்து ஆராயும் துறையை வளர்த்தவர்களுள் இவர் முக்கியமானவர். எனினும் 1948, 1949 ஆம் ஆண்டுகளில் இவர் உருவாக்கிய எல்மர், எல்சி என்னும் இரு சிறிய தானியங்கிகளே இவருக்குப் பரவலான புகழைத் தேடித்தந்தன. ஆமைகள் என்று அழைக்கப்பட்ட இவை, எவரும் இயக்காமல் தாமாகவே அறையில் நகர்ந்து, தடைகளை விலக்கி, ஒளியை நாடிச் சென்றன. இவற்றில் கணினி இல்லை, நிரல் இல்லை, அறையின் வரைபடமும் இல்லை. இருந்தவை இரண்டு வெற்றிடக் குழல்கள் மட்டுமே.

இளமையும் கல்வியும்

வால்ட்டர் மிசூரி மாநிலத்தின் கேன்சசு நகரில் பிறந்தார். தந்தை ஆங்கிலேயர், தாய் அமெரிக்கர், இருவரும் இதழியலாளர்கள். 1915 இல் குடும்பம் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தது. இலண்டனில் உள்ள வெசுட்மினிசுட்டர் பள்ளியிலும், பின்னர் கேம்பிரிட்சு பல்கலைக்கழகத்தின் கிங்சு கல்லூரியிலும் இவர் பயின்றார். கேம்பிரிட்சில் ஆய்வாளர் பதவி கிடைக்காததால் மருத்துவமனைகளில் ஆய்வுப்பணி தேடிச் செல்ல நேர்ந்தது. இதுவே இவரை மூளை ஆய்வின் பக்கம் திருப்பியது எனலாம்.

மூளை மின்னலை ஆய்வுகள்

மனித மூளையில் எழும் மின்னலைகளைத் தலையின் மேற்பரப்பிலிருந்தே பதிவு செய்ய முடியும் என்பதை செருமானிய மருத்துவர் ஆன்சு பெர்கர் 1929 இல் வெளியிட்டிருந்தார். இலண்டன் மோட்சுலி மருத்துவமனையில் பிரெடரிக் கோலாவிடம் பணியாற்றிய வால்ட்டர், பெர்கரைச் செருமனியில் சந்தித்துத் திரும்பியபின் தாமே மேம்பட்ட பதிவுக் கருவிகளை அமைத்தார். மூளைக் கட்டி உள்ள இடத்தைச் சுற்றி மெதுவான அலைகள் எழுவதைக் கண்டறிந்து, அவற்றுக்கு டெல்ட்டா அலைகள் எனப் பெயரிட்டார். மண்டையோட்டைத் திறக்காமலேயே கட்டியின் இருப்பிடத்தைக் கணிக்க இது வழிவகுத்தது. இம்முடிவுகளை 1936 இல் வெளியிட்டார்.

1939 இல் பிரிஸ்டல் நகரில் பர்டன் நரம்பியல் நிறுவனம் தொடங்கப்பட்டபோது கோலா அதன் இயக்குநரானார். வால்ட்டரும் உடன் சென்று, 1970 வரை அங்கேயே பணிபுரிந்தார். எதிர்பார்ப்பு அலை எனப்படும் மூளை மின்மாற்றத்தை இவரும் உடன் ஆய்வாளர்களும் 1964 இல் அறிவித்தனர். ஒரு குறிப்பு வந்தபின் அடுத்து வரவிருக்கும் குறிப்புக்காக மனிதர் காத்திருக்கும் இடைவேளையில் இது தோன்றுகிறது. நரம்பியலாளர்களிடையே இவருடைய பெயர் நிலைத்திருப்பது பெரிதும் இக்கண்டுபிடிப்பினாலேயே.

ஆமைகள்

மூளையில் பல்லாயிரம் கோடி நரம்பணுக்கள் உள்ளன. நடத்தையின் செழுமைக்குக் காரணம் இந்த எண்ணிக்கையா, அல்லது அணுக்கள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டுள்ள முறையா என்பது வால்ட்டரின் கேள்வி. இரண்டாவதே காரணம் என்று அவர் கருதினார். அவ்வாறாயின், மிகச் சில உறுப்புகளைக் கொண்டும் உயிரினத்தை ஒத்த நடத்தையை உண்டாக்க முடிய வேண்டும். இதைச் சோதிக்கவே இரண்டே 'நரம்பணுக்கள்' உள்ள ஒரு விலங்கைச் செய்ய முற்பட்டார். மனைவி விவியன் டோவியும் இம்முயற்சியில் துணைநின்றார். இதற்குச் சற்று முன்னரே, இலக்கைத் தேடிச் செல்லும் பொறிகளைப் பற்றிக் கென்னத்து கிரெய்க் என்னும் உளவியலாளர் சிந்தித்திருந்தார். 1945 இல் இளவயதில் இறந்த அவருடைய கருத்துகள் வால்ட்டருக்குத் தூண்டுதலாக அமைந்தன.

ஆமைக்கு மூன்று சக்கரங்கள். முன்சக்கரத்தை ஒரு மின்னோடி உருட்டியது. மற்றொரு மின்னோடி அதன் தண்டை ஒரே திசையில் சுழற்றித் திருப்பியது. அந்தத் தண்டின் உச்சியில் ஒளிமின்கலம் ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. எனவே முன்சக்கரம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தப் பக்கத்தையே 'கண்ணும்' நோக்கும். பார்க்கும் திசையும் செல்லும் திசையும் ஒன்றாகிவிடுவதால், ஒளி எங்கே உள்ளது எனக் கணக்கிட வேண்டிய தேவையே எழுவதில்லை. வால்ட்டரின் வடிவமைப்பில் மிகவும் நுட்பமான பகுதி இதுவே. உடலின் மேல் கவிழ்க்கப்பட்டிருந்த ஓடு தொடு உணரியாகப் பயன்பட்டது. ஓடு எதன்மீதாவது மோதி அசைந்தால் ஒரு மின்தொடுப்பு மூடிக்கொள்ளும்.

இவற்றிலிருந்து நான்கு வகை நடத்தைகள் உண்டாயின. ஒளி இல்லாதபோது திருப்பும் மின்னோடி முழு விரைவிலும் ஓட்டும் மின்னோடி பாதி விரைவிலும் இயங்கின. ஆமை சுருள் சுருளாக வளைந்து அறையைத் துழாவியது. மிதமான ஒளி கண்ணில் பட்டதும் திருப்பம் நின்று, ஓட்டம் முழு விரைவு பெற்றது. ஆமை ஒளியை நோக்கிச் சென்றது. அருகே சென்று ஒளி மிகுந்தபோது திருப்பும் மின்னோடி பாதி விரைவில் மீண்டும் இயங்கத் தொடங்கியதால் ஆமை விலகிச் சென்றது. ஆகவே அது விளக்கில் போய் முட்டிக்கொள்ளாமல் அதைச் சுற்றி உலவியது. நான்காவது தடையைச் சந்திக்கும்போது நிகழ்வது. ஓடு மோதியவுடன் மின்சுற்று அலைவுறத் தொடங்கி, முட்டுதலும் திரும்புதலும் மாறி மாறி நிகழும். அந்நேரத்தில் ஒளி இருந்தாலும் ஆமை அதைப் பொருட்படுத்தாது. தடை நீங்கியதும் பழைய நிலைக்கு மீளும். எந்தச் செயல் எதற்கு வழிவிட வேண்டும் என்னும் முன்னுரிமை இவ்வாறு கம்பி இணைப்பிலேயே அடங்கியிருந்தது.

இரு விளக்குகளை வைத்தால் ஆமை நடுவில் தயங்கி நிற்கவில்லை. கண் சுழன்றுகொண்டே இருப்பதால், முதலில் பட்ட விளக்கை நோக்கிச் சென்றது. மின்கலம் வலுவிழக்கும்போது சுற்றின் ஒளியுணர்வும் குறைந்தது. முன்னர் விரட்டிய பேரொளி அப்போது மிதமான ஒளியாகத் தோன்றவே, விளக்கு எரியும் கூட்டினுள் ஆமை நுழைந்து மின்னேற்றிக்கொள்ளும் வகையில் அமைக்கப்பட்டிருந்தது. பசி என்று தனியாக எதுவும் அதனுள் வைக்கப்படவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

எதிர்பாராமல் கிடைத்த ஒரு நடத்தையே பெரிதும் பேசப்பட்டது. திருப்பும் மின்னோடி இயங்குகிறதா என்பதைக் காட்டுவதற்காக ஆமையின் தலைப்பகுதியில் ஒரு சிறு விளக்கு இருந்தது. கண்ணாடியின் முன் வந்த ஆமை, அதில் தெரிந்த தன் விளக்கின் ஒளியைக் கண்டு அதை நோக்கித் திரும்பியது. உடனே திருப்பம் நின்று விளக்கு அணைந்தது. ஒளி மறைந்ததால் திருப்பம் மீண்டும் தொடங்கி விளக்கு எரிந்தது. இவ்வாறு ஆமை கண்ணாடி முன் மினுக்கியபடி ஆடியது. விலங்கு ஒன்று இவ்வாறு செய்திருந்தால் அது தன்னை அறிந்துகொண்டதாகக் கொள்ளப்படும் என வால்ட்டர் வாதிட்டார். இது மிகையான கூற்று. நடந்தது விளக்கு எரிவதும் அணைவதும் மட்டுமே. ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவர் நடத்தையை மட்டும் கொண்டு உள்ளமைப்பை எவ்வளவு தவறாக ஊகிக்கக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

ஆமைகளைப் பற்றி இவர் எழுதிய கட்டுரைகள் சயன்டிபிக் அமெரிக்கன் இதழில் 1950, 1951 ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. 1951 இல் பர்டன் நிறுவனத்தில் மேம்பட்ட ஆமைகள் ஆறு செய்யப்பட்டன. அவ்வாண்டு நடைபெற்ற பிரித்தானிய விழாவில் பொதுமக்கள் ஆமைகளைக் கண்டு களித்தனர். விலங்கினங்களுக்குச் சூட்டுவதுபோல் இவர் ஆமைக்கு இலத்தீனப் பெயர் சூட்டியதும், தொலைக்காட்சியில் தோன்றியதும் சக அறிவியலாளர்கள் சிலருக்கு உவப்பாக இல்லை.

கற்கும் பொறி

ஆமைகள் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. இக்குறையைப் போக்க, உருசிய உடலியங்கியலாளர் பாவ்லோவின் பழக்கப்பட்ட மறிவினைக் கொள்கையைப் பின்பற்றி, கோரா என்னும் மின்சுற்றை வால்ட்டர் அமைத்தார். ஒரு சீழ்க்கை ஒலியும் ஒளியும் பலமுறை சேர்ந்து வந்தால், பின்னர் ஒலிக்கு மட்டுமே பொறி ஒளிக்குரிய வினையைக் காட்டியது. மீண்டும் மீண்டும் வலுவூட்டாவிட்டால் மறந்தும் போனது. ஆமைகளைப் போன்ற தாக்கத்தை இது ஏற்படுத்தவில்லை.

பிற்காலம்

ஆலன் டூரிங், ராசு ஆசுபி முதலியோர் உறுப்பினராக இருந்த ரேசியோ கழகத்தில் வால்ட்டரும் தொடக்க உறுப்பினர். 1953 இல் மூளையைப் பற்றிப் பொது வாசகர்களுக்காக எழுதிய நூல் பரவலாக வாசிக்கப்பட்டது. 1956 இல் ஓர் அறிவியல் புதினமும் வெளியிட்டார். இவருடைய மகன் நிக்கலசு வால்ட்டர் அரசின்மைக் கொள்கை எழுத்தாளராக அறியப்பட்டவர்.

1970 இல் இசுக்கூட்டரில் சென்றுகொண்டிருந்தபோது, சாலையில் கட்டவிழ்ந்து வந்த குதிரையைத் தவிர்க்க முயன்று விபத்துக்குள்ளானார். தலையில் பலத்த காயம் ஏற்பட்டு நெடுநாள் நினைவிழந்து கிடந்தார்; ஒரு கண்ணின் பார்வையும் போயிற்று. மூளையை ஆராய்வதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர், மூளைக் காயத்திலிருந்து முழுமையாக மீளவில்லை. 1977 இல் மாரடைப்பால் காலமானார்.

தாக்கம்

வால்ட்டரின் வழி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கைவிடப்பட்டிருந்தது. எண்ணியல் கணினியின் வளர்ச்சியோடு, சூழலின் மாதிரியை முதலில் நினைவகத்தில் அமைத்து, திட்டமிட்டு, அதன்பின் நகர்வதே அறிவார்ந்த முறை என்னும் கருத்து மேலோங்கியது. 1966 முதல் 1972 வரை கலிபோர்னியாவில் உருவாக்கப்பட்ட சேக்கி என்னும் தானியங்கி இவ்வகையைச் சேர்ந்தது. அது திட்டமிட்டுச் செயல்படுவதில் பெரிய முன்னேற்றம் கண்டது. ஆயினும் மிக மெதுவாகவே நகர்ந்தது. அதற்கென எளிமையாக்கப்பட்ட அறைகளும் தேவைப்பட்டன.

ஆத்திரேலியாவில் சிறுவனாக இருந்தபோது வால்ட்டரின் நூலைப் படித்து, தாமும் ஓர் ஆமையைச் செய்து பார்த்தவர் ராட்னி புரூக்சு. மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய அவர், 1986 இல் அடுக்குமுறைக் கட்டுப்பாட்டை முன்வைத்தார். இதில் தடையை விலக்குதல், உலவுதல் போன்ற எளிய நடத்தைகள் ஒவ்வொன்றும் உணரியிலிருந்து மின்னோடிக்கு நேராக இணைக்கப்பட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. மேலடுக்கு தேவையானபோது கீழடுக்கின் செயலில் குறுக்கிடும். புரூக்சு இணைந்து நிறுவிய நிறுவனம் 2002 இல் வெளியிட்ட ரூம்பா துப்புரவுத் தானியங்கியின் தொடக்க வகைகள், வரைபடம் ஏதுமின்றி மோதியும் திரும்பியும் சுருளாக நகர்ந்துமே தரையைத் துப்புரவு செய்தன. பிந்திய வகைகளில் வரைபடமும் சேர்க்கப்பட்டது. ஓட்டுநரில்லா வண்டிகளும் வரைபடம், திட்டமிடல் ஆகியவற்றையே பெரிதும் சார்ந்துள்ளன. எனினும் திடீர்த் தடைக்கு உடனே தடுப்பை அழுத்துவது போன்ற விரைவு வினைகளை அவை திட்டமிடும் பகுதியின் முடிவுக்குக் காத்திராத தனி அடுக்குக்கு விடுவதுண்டு.

வால்ட்டர் விவரித்த நடத்தைகள் உண்மையில் நிகழ்ந்தனவா என்ற ஐயம் நெடுநாள் இருந்தது. 1990களில் ஓவன் ஆலண்டு பழைய ஆமை ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்துச் சீரமைக்கச் செய்து, அதே அமைப்பில் படிகளையும் உருவாக்கினார். கண்ணாடி முன் ஆடும் ஆட்டம் உட்பட, அவற்றில் பெரும்பாலான நடத்தைகளைக் காண முடிந்தது. 1951 இல் செய்யப்பட்ட ஆமைகளுள் ஒன்று ஐக்கிய அமெரிக்காவின் சுமித்சோனியன் நிறுவனத்தில் உள்ளது.