பருத்தியில் மாவுப்பூச்சியா? வண்டையும் ஈயையும் கப்பலில் அனுப்பிய ஆல்பர்ட் கோபெல் கதை தெரியுமா?

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் கரிசல் காட்டில் பருத்தி போட்டவங்களுக்கு மாவுப்பூச்சி புதுசு இல்லை. தண்டிலும் இலையிலும் வெள்ளையாக அப்பிக்கொண்டு சாறை உறிஞ்சும். உடம்பு மேல மெழுகு மாதிரி பூச்சு இருப்பதால் மருந்தும் சரியாக ஒட்டாது.

பூச்சியை வைத்தே பூச்சியை அடக்கலாம் என்று 130 வருஷத்துக்கு முன்பே செய்து காட்டியவர் ஆல்பர்ட் கோபெல்.

யார் இந்த கோபெல்?

1853-ல் ஜெர்மனியில் பிறந்தவர். இளம் வயதிலேயே அமெரிக்கா போனார். பூச்சி சேகரிப்பதில் கெட்டிக்காரர். அமெரிக்க வேளாண் துறையின் பூச்சியியல் நிபுணர் சார்லஸ் ரைலி, 1881-ல் அவரை வேலையில் சேர்த்துக்கொண்டார். பருத்திப் பூச்சிகளைப் பற்றி ஆராய பிரேசிலுக்கும் போய் வந்தார்.

கலிபோர்னியாவில் என்ன நடந்தது?

1880-களில் அங்குள்ள ஆரஞ்சு தோட்டங்களை பஞ்சுச் செதில் பூச்சி நாசம் செய்தது. இது மாவுப்பூச்சிக்குச் சொந்தக்கார பூச்சி. சொந்த ஊர் ஆஸ்திரேலியா. அங்கே அதைத் தின்னும் எதிரிகள் இருந்தன, கலிபோர்னியாவில் இல்லை. பலர் மரங்களையே வெட்டி எரித்தனர்.

எதிரியைத் தேடி ஆஸ்திரேலியா போக வேண்டும். ஆனால், வேளாண் துறை ஊழியர்களின் வெளிநாட்டுப் பயணத்துக்கு அமெரிக்க நாடாளுமன்றம் தடை போட்டிருந்தது. அதனால் மெல்போர்ன் கண்காட்சிக்குப் போகும் குழுவில் சேர்த்து, 1888 ஆகஸ்ட்டில் கோபெலைக் கப்பல் ஏற்றிவிட்டார்கள்.

ஈயா, வண்டா?

அவர் தேடிப் போனது ஒரு சின்ன ஈ. அது செதில் பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைக்கும். புழு உள்ளேயே தின்று வளரும். இதுதான் ஒட்டுண்ணி. சுமார் 12,000 ஈக்களை அனுப்பினார்.

அக்டோபர் 15 அன்று அடிலெய்டில் ஒரு தோட்டத்தில், செதில் பூச்சியை நேரடியாகத் தின்னும் சிவப்புப் பொறிவண்டு கண்ணில் பட்டது. முதல் 3 தவணைகளில் போய்ச் சேர்ந்தவை வெறும் 129 வண்டுகள்.

லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு ஆரஞ்சு மரத்துக்குக் கூடாரம் போட்டு அவற்றை விட்டார்கள். 1889 ஜூனுக்குள் 10,555 வண்டுகள் விவசாயிகளுக்குக் கொடுக்கப்பட்டன. தோட்டங்கள் பிழைத்தன.

பேர் வாங்கியது வண்டு. ஆனால் ஈயும் வீண்போகவில்லை. வெயில் கொளுத்தும் உள்பகுதியில் வண்டு, குளிர்ந்த கடலோரத்தில் ஈ என இரண்டும் பங்கு போட்டு வேலை பார்த்தன.

தமிழ்நாட்டுக்கு என்ன சம்பந்தம்?

அடுத்த பயணத்தில், 1891-92-ல், மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலீமஸ் பொறிவண்டை கோபெல் அனுப்பினார். அந்த இனம் 1898-ல் இந்தியாவுக்கும் வந்தது. அவர் கண்டெடுத்த சிவப்பு வண்டும் 1929-ல் நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டு, சீகை மரங்களில் பரவிய பஞ்சுச் செதில் பூச்சியை அடக்கியது.

பின்னர் ஹவாயிலும் வேலை பார்த்த கோபெல், உடல்நலம் கெட்டு ஜெர்மனி திரும்பினார். 1924-ல் காலமானார்.

கரிசல் விவசாயி கவனிக்க வேண்டியது என்ன?

பருத்தி மாவுப்பூச்சிக்கும் இதே ஜோடி உண்டு. கூட்டமாக இருக்கும் இடத்தில் கிரிப்டோலீமஸ் தின்று தீர்க்கும். சிதறிக் கிடப்பதை ஏனாசியஸ் என்ற குட்டிக் குளவி தேடிப் போய் உள்ளே முட்டை வைக்கும். பழுப்பு நிறத்தில் உப்பி, இறுகிப்போன மாவுப்பூச்சியைப் பார்த்தால் உள்ளே குளவி வளர்கிறது என்று அர்த்தம். அதை நசுக்க வேண்டாம்.

இன்னொரு விஷயம். கிரிப்டோலீமஸின் புழுவும் பார்க்க மாவுப்பூச்சி போலவே வெள்ளையாக இருக்கும். ஆனால் அளவில் பெரிசு, வேகமாக ஊர்ந்து போகும். தெரியாமல் அதற்கே மருந்து அடித்துவிடுவதும் உண்டு.

மருந்து வண்டையும் குளவியையும் சேர்த்தே கொல்லும். 1940-களில் கலிபோர்னியாவில் டிடிடி தெளித்ததும் பொறிவண்டுகள் செத்தன, அடங்கிக் கிடந்த செதில் பூச்சி மறுபடி கிளம்பியது. அதனால் மருந்து டப்பாவைத் திறக்கும் முன்னாடி, இலையைத் திருப்பி ஒரு தடவை பார்த்துடுங்க.