டயர் தந்த டன்லொப்

சித்திரை பிறந்துவிட்டால் மலையகம் வேறு முகம் காட்டத் தொடங்கிவிடும். நுவரெலியாவில் வசந்தகாலக் களியாட்டங்கள் களைகட்ட, வேகக் கார்களில் மோகங்கொண்ட இளைஞர்கள் கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் மலையேறுவர். மகாகஸ்தோட்டை மலையேற்றக் காரோட்டம் 1930களிலிருந்தே பேர் பெற்றது. அப்புத்தளைக்கு அயலிலுள்ள தியத்தலாவ பொக்ஸ்ஹில் ஓட்டமோ 1990களில் தோன்றியது. அப்புத்தளையில் தேநீர் அருந்தத் தரிக்கும் இவ்விளைஞர்கள் வண்டியை விட்டிறங்கியதும் குனிந்து பார்ப்பது இயந்திரத்தை அன்று, டயரையே. அதில் நியாயம் இல்லாமலில்லை. காலையில் பனிமூட்டத்தால் நனைந்த தார், நண்பகலில் சுட்டெரிக்கும் வெயில், பிற்பகலில் இடியுடன் கூடிய மழை என ஒரே நாளில் மூன்று பருவங்களைக் காட்டும் மண் இது. ஆடியில் புழுதியை வாரியிறைக்கும் காற்று, ஐப்பசி கார்த்திகையில் விடாத மழை. பெரகலையிலிருந்து கொஸ்லந்தை வழியாக வெல்லவாய வரை இறங்கும் வளைவுகளில் ஒரு வாகனத்தைத் தரையோடு பிணைத்து வைத்திருப்பவை நான்கு உள்ளங்கையளவு இறப்பர்த் துண்டுகள் மட்டுமே.

அந்தப் பிடி நழுவினாலோ, ஓட்டுபவர் கை தவறினாலோ என்ன நேரும் என்பதை ஊவா மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவ பந்தயத்தில் கார் ஒன்று ஓடுபாதையை விட்டு விலகிப் பார்வையாளர் மீது பாய்ந்ததில் ஏழு உயிர்கள் பலியாயின. அவர்களுள் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் அடக்கம்.

இந்தக் காற்றடைத்த டயரை உலகின் நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் பந்தய வீரருமல்லர், பொறியியலாளருமல்லர். அவர் ஒரு மாட்டு வைத்தியர், இன்னும் சரியாகச் சொன்னால் குதிரை வைத்தியர். ஜோன் பொய்ட் டன்லொப் என்ற அவருடைய பெயரை நம்மவர்களில் பலர் மெத்தையின் பெயராகவே அறிவர்.

1840 பெப்ரவரி 5ஆம் திகதி ஸ்கொட்லாந்தின் டிரெகோர்ன் என்ற ஊரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் அவர் பிறந்தார். குறைமாதக் குழந்தையாகப் பிறந்தவர் என்ற எண்ணம் அவர் மனதில் ஊறியிருந்தமையால் தமது உடல்நலம் குறித்து வாழ்நாள் முழுதும் அஞ்சியவராகவே இருந்தார். எடின்பரோவில் கால்நடை மருத்துவம் பயின்று, இருபது வயது நிரம்பு முன்னரே தகைமை பெற்றார். 1867இல் அயர்லாந்துக்குக் குடிபெயர்ந்து, பின்னர் பெல்பாஸ்ட் நகரில் பெரியதொரு வைத்தியசாலையை நடத்தினார். லாடம் அடிப்பவர்கள் மட்டும் ஒரு டசின் பேர் அவரிடம் வேலை செய்ததாகக் கூறுவர். குதிரைகளின் குளம்பும் தெருக்கற்களும் மோதுவதால் விளையும் கேடுகளை நாள்தோறும் கண்ணுற்ற மனிதர் அவர். சக்கரத்தின் அதிர்ச்சியைக் குறைக்க வேண்டும் என்ற சிந்தனை அவருக்குப் பிறந்தது தற்செயல் என்று சொல்வதற்கில்லை.

1887ஆம் ஆண்டு. அவருடைய மகன் ஜொனிக்கு அப்போது பத்து வயதளவில் இருக்கும். கெட்டி இறப்பர் பூட்டிய முச்சக்கர மிதிவண்டியில் கருங்கல் பாவிய தெருவில் அவன் குலுங்கிக் குலுங்கிச் செல்வதைத் தந்தை கவனித்தார். மெல்லிய இறப்பர்த் தகட்டைக் குழாயாக ஒட்டி, ஒரு மரவட்டத்தைச் சுற்றி அதனைப் பொருத்தி, மேலே துணி போர்த்தி ஆணியடித்து, பந்துக்குக் காற்றடிக்கும் பம்பியினால் ஊதி நிரப்பினார். பிறகு மகனின் வண்டிச் சக்கரத்தையும் இந்தப் புதிய சக்கரத்தையும் முற்றத்தில் ஒன்றன்பின் ஒன்றாக உருட்டிவிட்டார். முன்னது பாதி வழியில் சாய்ந்து விழ, காற்றடைத்ததோ முற்றத்தின் மறுகோடி வரை ஓடிப் படலையில் மோதித் திரும்பியது. தரையின் மேடுபள்ளங்களில் விரயமாகும் விசையைக் காற்று விழுங்கிக்கொள்கிறது என்ற பேருண்மையை அந்த முற்றமே நிரூபித்துவிட்டது. இன்றைய பந்தயக் காரின் டயரும் இதே அடிப்படையில்தான் இயங்குகிறது.

1888 டிசம்பர் 7ஆம் திகதி அவருக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. ஆனால் உலகம் இப்புதுமையை ஏற்றுக்கொண்டது காப்புரிமைப் பத்திரத்தைக் கண்டல்ல, பந்தயத்தைக் கண்டே. 1889 மே மாதம் பெல்பாஸ்ட் குயின்ஸ் கல்லூரி மைதானத்தில் வில்லி ஹியூம் என்ற சைக்கிள் வீரர் இந்த உப்பிய டயர்களோடு களமிறங்கியபோது கூடியிருந்தோர் நகைத்தனர். பந்தயங்கள் முடிந்தபோது சிரிப்பு அடங்கியிருந்தது. தோல்வியுற்றவர்களில் டப்ளின் வர்த்தகர் ஹார்வி டு குரோஸின் புதல்வர்களும் இருந்தனர். பிள்ளைகளின் தோல்வியில் பெரும் வாணிபத்தைக் கண்ட அந்தத் தந்தை, அதே ஆண்டின் இறுதியில் டன்லொப்பைச் சேர்த்துக்கொண்டு டப்ளினில் கம்பனி ஒன்றை ஆரம்பித்தார்.

இங்குதான் இடி விழுந்தது. 1845இலேயே இன்னொரு ஸ்கொட்லாந்துக்காரரான ரொபர்ட் வில்லியம் தொம்சன் காற்றடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தார் என்பது தெரியவந்தது. அக்காலத்தில் சைக்கிளும் இல்லை, காரும் இல்லை. இறப்பரின் விலையும் அதிகம். ஆகவே தொம்சனின் கண்டுபிடிப்பு மறக்கப்பட்டு, அவரும் 1873இல் மறைந்துவிட்டார். டன்லொப்பின் காப்புரிமை செல்லுபடியற்றதென 1890இல் அறிவிக்கப்பட்டது. இதைக்கொண்டு டன்லொப்பைக் களவாடியவர் என்று கூறுவோர் உளர். அது அநியாயமான பழி என்றே நாம் கருதுகிறோம். தொம்சனைப் பற்றி அவர் அறிந்திருந்தார் என்பதற்குச் சான்றில்லை. எனினும் முதல்வர் என்ற பெருமை தொம்சனுக்கே உரியது என்பதையும் மறுப்பதற்கில்லை.

கம்பனி துணைக் காப்புரிமைகளை விலைக்கு வாங்கித் தப்பிப் பிழைத்தது. டன்லொப் 1895இல் அதிலிருந்து விலகி, தமது பங்குகளில் பெரும்பகுதியையும் விற்றுவிட்டார். மறுவருடமே அக்கம்பனி முப்பது இலட்சம் பவுணுக்குக் கைமாறி, ஐம்பது இலட்சம் பவுண் மூலதனத்தில் மறுபடியும் சந்தைக்கு வந்தது. அந்தப் பெருஞ்செல்வத்தில் பெயருக்குரியவருக்கு எதுவும் கிட்டவில்லை. அப்புத்தளை மக்களுக்கு இவ்விடத்தில் இன்னொருவர் நினைவுக்கு வரக்கூடும். டன்லொப்பின் காப்புரிமை பறிபோன அதே 1890இல்தான், கிளாஸ்கோவில் பிறந்த தோமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்து தம்பேதன்னை முதலிய தோட்டங்களை வாங்கினார். லிப்டனுக்கு விற்கத் தெரியும். தாம் செய்ததை விற்கும் சாமர்த்தியம் டன்லொப்புக்கு வாய்க்கவில்லை.

டயரின் கதையில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. ஹென்றி விக்ஹாம் பிரேசிலிலிருந்து கொண்டுசென்ற சுமார் எழுபதாயிரம் விதைகளில் முளைத்த கன்றுகள், லண்டன் கியூ பூங்காவிலிருந்து 1876இல் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. 1,919 கன்றுகள் கப்பலேறின. பேராதனையிலும் கம்பஹாவின் ஹெனரத்கொடையிலும் அவை வளர்ந்தன. கோப்பி அழிந்து தேயிலையை நாடியிருந்த தோட்டத்துரைமார் நீண்ட காலம் அவற்றைப் பெரிதாகக் கணக்கெடுக்கவில்லை. மிச்சலின் சகோதரர்கள் 1895இல் காருக்கும் காற்றடைத்த டயரைப் பூட்டி ஓட்டிக் காட்டினர். கார்கள் பெருகியதும் நிலைமை தலைகீழாகி, களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிச் சரிவுகளும் ஊவாவின் மொனராகலைத் தாழ்நிலமும் இறப்பர்க் காடுகளாயின. விடியுமுன் எழுந்து, வெயிலேறு முன் பட்டை சீவிப் பால் சேர்த்தவர்களில் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட எம் முன்னோர் பெருந்தொகையினர். மலாயாவிலும் அவர்களே. மரம் நனைந்தால் பால் வெட்ட முடியாது. வெட்டாத நாளுக்குக் கூலியும் இல்லை. பருவம் மாறுவது அவர்களுக்குக் களியாட்டமாக இருக்கவில்லை. ஆபிரிக்காவின் கொங்கோவிலோ, 1908 வரை மன்னர் லியோபோல்டின் ஆட்சியில், காட்டு இறப்பரின் அளவு குறைந்ததற்காக மனிதரின் கைகள் வெட்டப்பட்டன. பெல்பாஸ்ட் முற்றத்தில் குதிரை வைத்தியர் உருட்டிவிட்ட சக்கரம் எங்கெங்கு ஏறிச் செல்லும் என்பதை அவர் கனவிலும் கருதியிருக்க மாட்டார்.

டன்லொப் ஒழித்துவிட்டதாக எண்ணிய கெட்டி டயர் இன்னும் ஒழியவில்லை என்பதையும் இங்கு சொல்ல வேண்டும். தொழிற்சாலைகளில் பாரந்தூக்கும் வண்டிகளுக்கான அத்தகைய டயர்களை உலகுக்கு அனுப்பும் முன்னணி நாடுகளில் இலங்கையும் ஒன்று.

பிற்காலத்தில் டப்ளினில் ஒரு துணிக்கடை வர்த்தகத்தில் ஈடுபட்டு அவர் அமைதியாக வாழ்ந்தார். ஆனால் அவர் விலகிய கம்பனி அவரை விடவில்லை. உயர்ந்த தொப்பியும் கைத்தடியுமாக ஒரு பகட்டுக்காரராக அவரைச் சித்திரித்து விளம்பரங்கள் வெளியிட்டது. எளிய உடையில் பழகிய முதியவருக்கு அது பேரவமானமாகப்பட்டது. தம் பெயரைத் தாங்கிய கம்பனிக்கு எதிராகவே அவர் வழக்குத் தொடுத்தார். வழக்கு எங்கே விசாரிக்கப்பட வேண்டும் என்ற பிரச்சினை லண்டன் பிரபுக்கள் சபை வரை சென்றது. அதன் தீர்ப்பு சட்டத் தொகுப்பில் வெளியான 1921ஆம் ஆண்டிலேயே, ஒக்டோபர் 23ஆம் திகதி, அவர் காலமானார்.

அவருடைய பெயர் இன்று ஜப்பானிய நிறுவனமொன்றின் கையில் இருக்கிறது. பிரான்ஸின் லே மான் பந்தயத் திடலில் ஓடுபாதைக்குக் குறுக்கே நிற்கும் பாலத்துக்கும் அப்பெயரே. டயர் வரலாறு குறித்து அவர் எழுதிவைத்த நூலை, அவர் மறைந்த பின்னர் மகள் வெளியிட்டார். வட அயர்லாந்து வங்கியொன்று தனது பத்துப் பவுண் நோட்டில் அவருடைய உருவத்தை அச்சிட்டது. தொப்பியும் தடியுமாக நின்ற விளம்பரப் பகட்டுக்காரரை அன்று, தாடி வளர்த்த அந்தக் குதிரை வைத்தியரையே அந்நோட்டில் காணலாம்.